உட்கார்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன்

பழைய மரச்சாமான் வியாபாரத்தில் பொய் சொல்லாதது மரம் ஒன்றுதான். அதற்கும் சாயம் பூசி வாயை அடைத்துவிடுவார்கள். நாற்காலி என்று நம்பி விறகு வாங்கியவர்கள், 'தாத்தா காலத்து பீரோ' என்று வாங்கிப்போய்க் கழன்ற கதவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னாலேயே நான் ஏமாந்து முடித்துவிட்டேன்.

தர்மபுரியில் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் மாதையன் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டில், நாற்காலி, அலமாரி எல்லாம் வாங்கி வருவார். பெங்களூர் வியாபாரிகள் வந்து எடுத்துப் போவார்கள். வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் சண்டை மூண்ட வருஷம், பாலக்கோட்டில் ஒரு அலமாரியை இறக்கும்போது அது சாய்ந்து அவர் கால் எலும்பு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள்.

அவருடைய அண்ணன், என் மூத்தார், அன்றைக்கே வந்தார். "கடைய மூடு. மாட்ட என் காட்டுக்கு ஓட்டிக்கிட்டு வா. நீயும் வந்து களை எடு, கஞ்சி ஊத்தறேன்" என்றார். ஈட்டி மரத்துக்கும் தேக்குக்கும் வித்தியாசம் தெரியாத நான், "கடைய நான் பாத்துக்கறேனுங்க மாமா" என்றேன். அதற்கு அவர் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, அதில்தான் எனக்கு வீம்பு பிடித்தது.

கறுப்பெல்லாம் ஈட்டி

முதல் வேட்டை இண்டூரில், ஒரு பெரிய விவசாயி வீட்டில். வட்ட மேஜை ஒன்று கன்னங்கரேலென்று பளபளத்தது. ஈட்டி மரம் கறுப்பாக இருக்கும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த பாடம். "அட, ஈட்டிங்களே இது!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த விவசாயி வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டினார். வாங்கி வண்டியில் ஏற்றினேன். வழியில் நல்ல மழை. கடையில் இறக்கித் துடைத்தால் துணியெல்லாம் மை. கறுப்புக்கு அடியில் மஞ்சளாகப் பலா மரம் பல்லை இளித்தது.

மறுநாளே திரும்பிப் போய் அவர் வாசலில் நின்று சத்தம் போட்டேன். தெருவே கூடிவிட்டது. அவர் நிதானமாக எழுந்து வந்து சொன்னார்: "ஈட்டின்னு சொன்னது நீங்க. நான் வெத்தல மென்னுக்கிட்டு இருந்தேன், வாயே தொறக்கலீங்களே."

பெஞ்சின் மேல்

அந்த மேஜையை நான் ஒளித்து வைக்கவில்லை. பாதி கறுப்பும் பாதி மஞ்சளுமாகக் கடை முகப்பிலேயே போட்டேன். சிரிக்கிறவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டே சிரிக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு ஈரத்துணி இல்லாமல் எந்தச் சாமானையும் பார்க்கப் போனதில்லை.

நொடித்துப்போன ஒரு மண்டிக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஆண்கள் சுவர் மாதிரி நின்றார்கள். பின்னாலிருந்து நான் கேட்டது ஏலம் கூவுகிறவர் காதில் ஏறவே இல்லை. ஏறியும் கேட்காதவர் போல இருந்தாரோ என்னவோ. தரகர் கோவிந்தன் வேறு, தோளை அகட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்று மறைத்தார். அவர் எங்கள் தொழிலில் ஊறியவர். என்னைப் பார்த்தாலே அவருக்கு வேடிக்கை.

ஓரத்தில் நீளமாக ஒரு தேக்கு பெஞ்சு கிடந்தது. அடுத்து அதுதான் ஏலத்துக்கு வரவேண்டியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றேன். ஏலக்காரர் அலறினார்: "எறங்கும்மா! அது ஏலத்துல இருக்கற பெஞ்சு!" நான் அதைவிடப் பெரிய சத்தமாக, "அதத்தானுங்க நானும் கேக்கறேன். எம் பேர்ல முடிங்க, எறங்கிடறேன்" என்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் எவருக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை. பெஞ்சு எனக்கே முடிந்தது. நல்ல பெஞ்சு, அத்தனை நேரம் மேலே நின்றும் ஒரு முனகல் இல்லை. வெளியே வரும்போது கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இத்தன வருசமா தொண்ட கிழியக் கத்தறேன், ஏறி நிக்கலாம்னு ஒரு நாள் தோணலியே எனக்கு!"

பூச்சி போன பாதை

பிறகு அதே கோவிந்தன் என்னிடம் விற்கவும் வந்தார். மூடி போட்ட மரப்பெட்டி, உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. "பூச்சி அரிச்சிருக்குது பாருங்க, அத்தன பழசு" என்றார். எங்கள் வீட்டுக் கட்டிலை நிஜமாகவே பூச்சி அரித்து, அதை வெயிலில் போட்டுத் தட்டித் தட்டி அலுத்தவள் நான். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி ஓட்டைக்குள் விட்டேன். அம்பு மாதிரி நேராகப் போய் உள்பக்கம் தலை நீட்டியது. அடுத்த ஓட்டையிலும் அப்படியே. எந்தப் பூச்சியும் இப்படி நூல் பிடித்துக்கொண்டு போகாது. பழுக்கக் காய்ச்சிய கம்பிதான் போகும்.

"எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டார்: "பூச்சி எந்தப் பக்கம் திரும்புச்சுன்னெல்லாம் பாத்தா நாங்க எப்படீம்மா பொழைக்கறது?"

ஒரு கால் வேறு

இதற்குள் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. வந்ததும் அடி விழுந்தது. பென்னாகரத்தில் ஒரு கட்டில் பார்த்தேன். மூன்று கால் தேக்கு, நாலாவது வேறு ஏதோ மரம். "யாருகிட்ட காட்டறீங்க உங்க வேலைய?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து வரும் எங்கள் வியாபாரி நஞ்சப்பா அதே கட்டிலை வேறொருவரிடம் வாங்கி, என் கடை வாசலில் வண்டியை நிறுத்திக் காட்டினார். "நல்ல வயசான கட்டில் தாயி. நடுவுல ஒரு கால் போயி வேற கால் வெச்சிருக்காங்க. புதுசா செஞ்சு ஏமாத்தறவன் நாலு காலும் ஒரே மாதிரிதானே வெப்பான்?"

வீட்டுக்குப் போய், படுத்திருந்த மாதையனிடம் கொட்டித் தீர்த்தேன். கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "அப்படீன்னா நானும் அசல்தான் போ."

பெரிய நாற்காலி

பென்னாகரம் பக்கத்தில், ஜமீன்தார் போல நிலம் ஆண்ட ஒரு மிட்டாதார் வீட்டில் பெரியவர் காலமாகி, பிள்ளைகள் சேலத்தோடு போய்விட, சாமான்களைக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. பெரியவரின் நாற்காலி கிடைத்தால் விடாதே என்று நஞ்சப்பா சொல்லியனுப்பினார். மூத்தார் வந்து, "இதுலயும் ஏமாந்தீன்னா மாடு என் காட்டுக்கு வந்துடணும்" என்றார். நானும் வீம்பாக, "சரிங்க" என்றுவிட்டேன்.

காரியஸ்தர் என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். கூடத்தின் நடுவே அந்த நாற்காலி: கைப்பிடியில் சிங்க முகம், முதுகில் பிரம்புப் பின்னல். ஈரத்துணியால் தேய்த்தேன், சாயம் வரவில்லை. தரையில் படுத்து அடிப்பக்கம் தடவினேன். கண்ணில் படாத இடத்தில் உளி கொத்திய சொரசொரப்பு அப்படியே இருந்தது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர முளைதான். மனசு துள்ளியது. எழுந்து சேலையை உதறிக்கொண்டு உட்காரப் போனேன்.

காரியஸ்தர் பதறி ஓடிவந்தார். "ஏ, ஏ! பெரிய எஜமான் ஒக்காந்த நாற்காலி அது. இந்த வூட்டுல எந்தப் பொம்பளயும் அதுல ஒக்காந்தது கெடையாது!"

"ஒக்காந்து பாக்காம நான் எதையும் வாங்கறதில்லீங்க."

"அப்ப நடையக் கட்டு."

கட்டினேன். வாசலுக்கு வருவதற்குள் என் மாடுகள் மூத்தார் காட்டில் ஏர் இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பிப் போய், "ஒக்காராமயே எடுத்துக்கறேனுங்க" என்று சொல்லியிருக்கலாம். நாற்காலி நல்லதென்று எனக்குத்தான் தெரியுமே. ஆனால் பொம்பளை உட்கார்ந்தால் தீட்டாகிற நாற்காலியை ஒரு பொம்பளை விலை கொடுத்துச் சுமக்க வேண்டுமா? மாட்டை நுகத்தில் பூட்டினேன். அப்போது வேலைக்காரப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஆத்தா உங்கள ஒக்காரச் சொல்றாங்க!"

ஆத்தா என்றால் பெரியவரின் சம்சாரம். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அந்த அம்மாளின் வெள்ளைச் சேலை ஓரம் மட்டும் தெரிந்தது. காரியஸ்தர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். நாற்காலி ஆடவில்லை, கிறீச்சிடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லக் குரல் வந்தது: "நல்லா சாஞ்சு ஒக்காரு கண்ணு. எப்படி இருக்குதுன்னு எனக்கும் சொல்லு."

எழுந்து வந்தவர்

காரியஸ்தரை வெளியே அனுப்பி, அந்த ஆத்தா தானே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நாற்காலியை வண்டியில் ஏற்றினேன். அதை நான் விவரிக்கப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேர் விஷயம். நஞ்சப்பா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துப்போனார். மூத்தார் அதற்கப்புறம் மாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

மாதையன் கால் கூடி, லேசாகச் சாய்ந்து நடந்து முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று, மூத்தாரும் கூடவே வந்தார். "அதான் தம்பி எழுந்துட்டானில்ல. நீ போயி அடுப்பப் பாரு" என்றார். அந்த நேரம் பார்த்து அரூர்க்காரர் ஒருவர் எழுதுகிற மேஜை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மாதையன் பழக்கதோஷத்தில் மேலே ஒரு தட்டு தட்டி, "நல்ல பழைய தேக்கு" என்றார். நான் இழுப்பறையை முழுசாக உருவி, பின்பலகையை மோந்து பார்த்தேன். இழைத்த மரத்தின் வாசம் இன்னும் போகவில்லை. "போன மாசம் செஞ்சதுங்க" என்றேன். அரூர்க்காரர் மேஜையைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்.

மூத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆம்பள பேசறப்பக் குறுக்க பேசறா, பாத்துக்கிட்டு நிக்கற!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். நான் இழுப்பறையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றேன். "வாங்கற வேலைய நான் விட மாட்டேனுங்க மாமா. அவருக்கு வண்டி இருக்குது. உங்களுக்கு உங்க காடு இருக்குது." இப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை. மாதையன் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மூலையில் கிடந்த சாட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கு இங்க ஒரு வேல கெடச்சிருக்குதுண்ணா, பேசிப் பேசிக் கெடுத்துடாத."

இத்தனை வருஷத்தில் சாயம் போகிற மேஜை, சாய்ந்து விழுகிற பீரோ, முனகுகிற கட்டில் என்று எதை எதையோ வாங்கியிருக்கிறேன். 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்ற பேச்சை மட்டும் எவரிடமும் வாங்கிக்கொள்ளவில்லை.