விடுமுறைப் பக்கத்துக்கு இரண்டாவது ஆள்

எங்கள் சிறுவர் வார இதழில் அவருக்குப் பெயர் பசை அண்ணன். விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். அந்தக் கையோடுதான் டீ குடிப்பார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் என்ன செய்யலாம், என்ன விளையாடலாம் என்று வாரம் ஒரு பக்கம் எழுதுவது அவர் வேலை. அதைப் படமும் எழுத்துமாக அடுக்கிப் பக்கமாக்குவது என் வேலை. எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவருக்கு வாயே கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் இரும்பு. செய்து பார்க்காததை எழுத மாட்டார். அட்டைப்பெட்டிக் கோட்டை என்றால் வீட்டில் கட்டி, உள்ளே குனிந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எழுதுவார். தரையில் டேப் ஒட்டி அதன்மேல் விழாமல் நடக்கும் விளையாட்டு என்றால், ஐம்பது தாண்டிய அந்த உடம்பை வைத்துக்கொண்டு தானே நடப்பார். மறுநாள் நொண்டிக்கொண்டு வருவார்.

"எங்கண்ணே விழுந்தீங்க?"

"வளைவுலம்மா. வளைவை எடுத்துட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார்.

வினை ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. யாரோ ஒரு தாய் இதழாசிரியரைக் கூப்பிட்டு, "எங்க வீட்ல ரெண்டு இருக்குங்க. உங்க விளையாட்டுல ஒண்ணு விளையாடுது, சும்மா நிக்கிற இன்னொண்ணு அதைப் போட்டு அடிக்குது" என்று பொரிந்து தள்ளிவிட்டாள். ஆசிரியர் பழைய இதழ்களை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். காலுறையைச் சுருட்டி வாளியில் எறிவது, ஒரு ஆள். காகிதக் கப்பலை ஊதி ஊதித் தொட்டியின் அந்தப் பக்கம் சேர்ப்பது, அதுவும் ஒரு ஆள். பந்து பிடிக்கும் விளையாட்டு என்று ஒன்று. அதற்கு விதி: 'பந்தைச் சுவரில் எறி, ஓடிப்போய் நீயே பிடி.' இத்தனை வருஷம் அந்தப் பக்கங்களை அடுக்கியவள் நான், என் கண்ணில் இது படவே இல்லை பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது.

"விடுமுறை மலருக்கு ரெண்டு பேர் விளையாடுற மாதிரி வேணும். பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முடியலைன்னா சொல்லிடுங்க, வெளியாள்கிட்ட பக்கத்தைக் குடுத்துடறேன்" என்றார் ஆசிரியர்.

பசை அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஒருத்தி, அவளும் கடல் தாண்டிப் போய்விட்டாள். இந்த விடுமுறைப் பக்கமும் கையை விட்டுப் போய்விட்டால் காலையில் எழுந்து அவர் என்னதான் செய்வார்?

"ஏண்ணே இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? ரெண்டு பேர் விளையாட்டுன்னா நானே கண்ணை மூடிட்டுப் பத்து சொல்வேன்."

"எழுதிடலாம்மா. செஞ்சு பாக்கணுமே."

எனக்குச் சுருக்கென்றது. கத்தரியைப் பார்த்தபடியே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வர முடியுமா? ஒரு முனையைப் பிடிச்சா போதும்."

போனேன். ஓர் அறையும் சமையலறையும்தான். தரையெல்லாம் டேப் கோடுகள், அலமாரி மேல் அட்டைக் கோபுரங்கள், சுவரெல்லாம் காகித முகமூடிகள். பிள்ளைகள் நிறைந்த வீடு மாதிரி இருந்தது, பிள்ளைதான் இல்லை. தாண்டிக் குதிக்கும் கயிறு ஒன்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்.

"இதுல ஏற்கெனவே முயற்சி பண்ணுனேன். ஜன்னலுக்குச் சுத்தத் தெரியலை" என்றார். அவர் பேச்சில் நான் கேட்ட முதல் நகைச்சுவை அதுதான். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டு இதுதான். இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றின் மூலைகளை எதிரெதிரே நின்று இரண்டு பேரும் பிடிக்க வேண்டும். நடுவில் சுருட்டிய காலுறைப் பந்து. சேர்ந்து உதறி மேலே எறிந்து, சேர்ந்து பிடிக்க வேண்டும். முதல் தடவை பந்து அலமாரிக்குப் பின்னால் போனது. இரண்டாம் தடவை என் மூக்கில் விழுந்தது. பசை அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கை பழகிவிட்டது. பந்து விட்டம் வரை போய் நடுவில் வந்து விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றார். அப்புறம், "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

பத்து நிமிஷம் எப்போதோ போய்விட்டது. தோள்பட்டை விட்டுப்போனது. எனக்கு ஆள்களைப் பார்த்துப் பாவப்படப் பிடிக்காது, எரிச்சல்தான் வரும். அன்று இரண்டும் சேர்ந்து வந்தது. "அண்ணே, வீட்ல தேடுவாங்க" என்றேன்.

"ஆமாமா, கிளம்புங்க. ரொம்ப நேரமாச்சு" என்று பதறினார். என் பக்கத்து மூலைகளைத் தரையில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவர் தன் பக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.

விளையாட்டை ஆசிரியர் ஒரே வாசிப்பில் ஒப்புக்கொண்டார். பக்கம் தப்பியது. வெள்ளிக்கிழமை மதியம் அதை அடுக்க உட்கார்ந்தேன். எங்கள் இதழில் எந்த விளையாட்டுக்கும் கடைசி வரி ஒன்று உண்டு: ஆடி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது எப்படி என்று. பெற்றோர் திட்டுக்குப் பயந்து போடுவது. இதில் அந்த வரியைக் காணோம்.

"அண்ணே, கடைசி வரி விட்டுப்போச்சு. போர்வையை மடிச்சு வைக்கணும்னு போட்டுடவா?"

"வேண்டாம்மா. அதை இன்னும் செஞ்சு பாக்கலை."

"போர்வை மடிக்கிறதையா?"

"மூலைக்கு மூலை சேரணும்ல. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்." காய்ந்த பசையை உரித்தார். "நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே தரையிலதான் கிடக்கு. நான் ஓரமா நடந்துக்குறேன்."

நான் போய் வந்தது ஞாயிறு. ஒற்றை ஆளால் மடிக்க முடியாத போர்வை உலகத்தில் எங்கே இருக்கிறது? நானே தினமும் காலையில் ஒருத்தியாக மடிக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தை அடுக்கத் திரும்பினேன். பக்கம் சாயங்காலம் கடைசி வரி இல்லாமலேயே அச்சுக்குப் போனது.