கோயில் பக்கம், மடுவத்துப் பக்கம்

ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே அணை கட்டி, பள்ளத்தாக்கில் தண்ணீர் நிறைந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரைப் பார்த்து லயத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை.

ஒருவர், கடற்படையில் ஓய்வு பெற்று, எங்கள் தோட்டத்துப் பெரிய துரையாக இருந்த தன் தம்பியின் பங்களாவில் வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர். மற்றவர், டவுனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. வாலிபம் முழுவதும் சரக்குக் கப்பலில் கழித்தவர். நாங்கள் வைத்த பெயர் வெள்ளைக்காரருக்குக் கப்பல் தொரை, வியாபாரிக்குக் கப்பல் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். மலையில் அகப்பட்டுக்கொண்ட இந்த இருவரும் ஒரு நாள் தண்ணீர்க் கரையில் சந்தித்துப் பேசினார்கள். கொஞ்ச நாளில் ஒரு சின்னப் பாய்மரப் படகு லொறியில் வந்து இறங்கியது. தோட்டத்து இளவட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படகு ஓட்டக் கற்றுத் தருவார்களாம், சும்மாவே.

“தண்ணி மேல போய் என்னத்தடி பறிக்கப் போற?” என்று கேட்டாள் அம்மா. ஆனாலும் போனேன். ஃபேக்டரியில் வேலை பார்த்த என் மாமன் மகனும் வந்தான்.

முதல் நாளே வில்லங்கம். படகில் கட்டும் துணிக்குத் தமிழில் பாய் என்று நானா தொரைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். காற்று வந்ததும் தொரை கரையிலிருந்து, “பாய், பாய்” என்று கையை வீசினார். மாமன் மகன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு சட்டையோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டான். தொரையின் உத்தரவை மறுத்துப் பழக்கமில்லாத பிள்ளை.

அடுத்த சண்டை இடது வலது பற்றி. சுக்கான் பிடித்த நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பாய்க் கயிறு பிடித்த அவன் என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தொரை கப்பல்காரர்களின் இங்கிலீஷ் வார்த்தைகளைப் பாடமாக்கச் சொன்னார். நானா ஒத்துக்கொள்ளவில்லை.

“இந்தப் புள்ளைக்கி எடது, அவனுக்கு வலது. கோயில் எல்லாருக்கும் ஒரே எடத்துலதானே ஈக்கி, தொர?”

அதிலிருந்து கோயில் பக்கம், மடுவத்துப் பக்கம் என்றே ஓட்டினோம். இந்தக் கரையில் மாரியம்மன் கோயில், அந்தக் கரையில் கொழுந்து நிறுக்கிற மடுவம். படகும் ஓரளவு சொன்னபடி கேட்டது. கேட்காதது காற்றுதான். தொரை விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசையைச் சொல்லி முடிப்பதற்குள் அது வேறு மலை இடுக்கிலிருந்து வந்து தொப்பியைத் தட்டும்.

“கடல்ல காத்துக்கு ஒரு மரியாத ஈந்திச்சி” என்பார் நானா வருத்தமாக.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஏரியில் வாலிபர்களுக்கான படகுப் போட்டி என்று கேள்விப்பட்டு, ஆசிரியர் இருவரும் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெள்ளைக் கால்சட்டை போட்ட பையன்கள்.

கிளம்பினது நன்றாகத்தான் இருந்தது. நடு ஏரியில் காற்று மாறியது. கரையிலிருந்து நானா பழக்கதோஷத்தில், “கோயில் பக்கம் திருப்பு புள்ள” என்று கத்தினார்.

நான் கரை முழுவதும் தேடினேன். அவனும் தேடினான்.

“கோயில் எங்கடி இருக்கு?”

“தெரியல. மடுவத்தையும் காணோம்.”

நான் ஒரு பக்கம் சுக்கானைத் தள்ள, அவன் எதிர்ப் பக்கம் பாயை இழுத்தான். படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. தொரை இங்கிலீஷில் என்னவோ கத்தினார். நானா தலையில் அடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். கரையில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு நின்ற மட்டக்குதிரை கண்ணில் பட்டது.

“குதிரப் பக்கம், குதிரப் பக்கம்” என்றார்.

அப்பாடா என்று குதிரையைப் பிடித்துக்கொண்டோம். படகு நேராகப் போனது. குதிரையும் நடக்க ஆரம்பித்தது. அது போன பக்கமெல்லாம் நாங்களும் திருப்பினோம். குதிரை ரோட்டுக்கு ஏறிப் போய்விட்டது. நாங்கள் கோரைப் புல்லுக்குள் புகுந்து சேற்றில் சிக்கிக்கொண்டோம்.

தொரையும் நானாவும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார்கள். தொரை இந்தப் பக்கமிருந்து தள்ளினார். நடுவே பாய் மறைத்ததால் அவரைப் பார்க்காத நானா அந்தப் பக்கமிருந்து தள்ளினார். படகு அசையவில்லை. சொல்ல வாயெடுத்தால் எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் பாயைச் சுற்றி எட்டிப் பார்த்தபோது ஒருவர் முகத்தில் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

நுவரெலியா தண்ணீரின் குளிர் சும்மா விடுமா? அடுத்த ஞாயிறு இருவருக்கும் காய்ச்சல். நாங்கள் மட்டும் படகை இறக்கினோம். கத்துவதற்கு ஆளில்லை. கன்னத்தில் காற்று எங்கே படுகிறது என்று அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தேன். பாய் புடைத்தது, படகு லேசாகச் சாய்ந்தது. பேசிக்கொள்ளாமலே அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தோம்.

காய்ச்சல் விட்டு வந்தவர்களுக்கு அதையே ஓட்டிக் காட்டினோம்.

“யாரு சொல்லித் தந்த?” என்றார் நானா.

“நீங்கதாங்க” என்றான் மாமன் மகன்.

இருவரில் எந்த நீங்க என்று அவன் சொல்லவில்லை. அவர்கள் அதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டே மேட்டில் ஏறிப் போனார்கள். நாங்கள் மறுபடியும் படகைத் தள்ளினோம்.