பல்லைச் சுற்றி இல்லாத வெள்ளைக் கோடு

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் டெக்னீஷியனாக இருந்தேன். ஃபிலிமை டார்க் ரூமில் நானே கழுவ வேண்டும். படம் சரியில்லை என்றால் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். நானும் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.

ஒரு திங்கட்கிழமை, தமிழர் அதிகமுள்ள எல்லையோரக் கிராமமான மார்டள்ளியிலிருந்து ஈஸ்வரி என்ற பெண் கணவர் மாதேசனோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். இடது கீழ்த்தாடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு பல்லைப் பிடுங்கியும் குறையவில்லை. சதையெடுத்துப் பரிசோதித்ததில் கட்டி என்று வந்துவிட்டது. வியாழக்கிழமை பாதித் தாடையை வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி படம் கேட்டிருந்தார் சர்ஜன்.

ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டி கறுப்பாகத் தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு பல் வேரைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு இருக்க வேண்டும். அது எங்குமே இல்லை, வீங்காத வலது பக்கத்திலும்.

ஃபிலிம் கழுவும் டெவலப்பர் கரைசல் கெட்டுவிட்டதோ என்று, சற்று முன் அதே டேங்கில் கழுவிய இன்னொருவர் படத்தைப் பார்த்தேன். கோடு பளிச்சென்று இருந்தது. வெளியே வந்து, பல் டாக்டர் எடுத்த பழைய சின்னப் படத்தைக் கேட்டேன்.

மாதேசன் பையை இறுக்கிப் பிடித்தார். "ஏனுங்கம்மணி, பழசு எதுக்குங்க? ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டீங்களா?"

"தெரியலைங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

அரை மனதோடு கொடுத்தார். வேறு ஊரில் கழுவிய படம். அதிலும் கோடு இல்லை.

"வேற எங்கயாவது வலி இருக்கா?" என்று ஈஸ்வரியிடம் கேட்டேன்.

"எலும்பெல்லாம் நோவுங்க. போன வருசம் கிட்னில கல்லெடுத்தாங்க. இங்க யாரும் கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க."

எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டரம்மாவிடம் படத்தைக் காட்டி, அவள் சொன்னதையும் சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு கையையும் எடு" என்றார் கன்னடத்தில்.

"தாடைக்கு வந்தவளுக்குக் கைய எதுக்குங்க? எங்கள வெச்சுப் பழகறீங்களா?" என்றார் மாதேசன்.

காரணம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஈஸ்வரியே எழுந்து வந்தாள். "எடுங்க. வெட்டறதுக்கு முன்னால எல்லாத்தையும் பாத்துடட்டும்."

விரல் எலும்புகளின் ஓரம் கரையான் அரித்தது போலிருந்தது.

டாக்டரம்மா சர்ஜனுக்குப் போன் செய்தார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "டெக்னீஷியன் ஃபிலிம் கழுவின லட்சணத்த நம்பி நான் ஆபரேஷனை நிறுத்தணுமா?"

"ரத்தத்துல கால்சியம் மட்டும் பாருங்க. சரியா இருந்தா வெட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

புதன்கிழமை ரிசல்ட் வந்தது. கால்சியம் மிக அதிகம். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு சுரப்பி ஒன்று வீங்கி, உடம்பிலுள்ள எலும்பையெல்லாம் கரைத்துக்கொண்டிருந்தது. தாடைக் கட்டி, காணாமல்போன வெள்ளைக் கோடு, கிட்னிக் கல் எல்லாம் அதன் விளைவு. தாடையை வெட்டியிருந்தாலும் நோய் அப்படியே இருந்திருக்கும்.

தாடையை விட்டுவிட்டு, கழுத்துச் சுரப்பியை எடுத்தார் அதே சர்ஜன். மாதக்கணக்கில் வீக்கம் மெல்ல வற்றியது. மறுபடி படமெடுக்க வந்தபோதும் மாதேசன் என்னை முழுதாக நம்பவில்லை. எத்தனை படம், எதற்கு என்று கேட்டபிறகே ஈஸ்வரியை உள்ளே அனுப்பினார். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படம் விநோதமாக இருந்தால் உங்கள் டேங்கைச் சந்தேகப்படுங்கள். டேங்க் சரி என்று தெரிந்ததும் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். வேறெங்கே வலிக்கிறது என்று கேட்பது நம் வேலையில் சேர்த்தியில்லை. கேளுங்கள்.