கண்ணில் வைத்த சந்தனம்

அரிமளம் பக்கம் ஒரு சூரிய மின் நிலையத்தில் சில மாதம் பேனல் கழுவினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு எந்த வேலையும் புதிதில்லை. எதிலும் நிலைத்ததும் இல்லை. ஆறு பேர் இருந்தோம். செம்மண் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். வெயில் ஏறுமுன் டேங்கர் தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் தேய்ப்போம்.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்த அக்காவின் வீடு அவர் கூலியில்தான் ஓடியது. டேங்கர் நிரம்புவதும் அவர் ஊர் போர்வெல்லில்தான். அதனால் அவர் தெருக் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம்.

அப்போது தண்ணீரே இல்லாமல் துடைக்கும் ரோபோ ஒன்று சோதனைக்கு வந்தது. பேனல் வரிசையின் மேல் வைத்தால் தானாக உருண்டு துடைத்துக்கொண்டு போகும். அடுத்த வரிசைக்குத் தூக்கி வைக்க இரண்டு பேர் போதும். அது ஓடினால் மற்றவர்களுக்கு வேலை இல்லை.

“நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்திருக்கு பாரு” என்றார் டேங்கர் டிரைவர்.

“அது என்னண்ணே பண்ணும், வாயில்லாத சீவன்” என்றார் அக்கா.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவி அடுக்கினோம். டேங்கர், ஹோஸ், பிரஷ் எல்லாவற்றுக்கும் அக்கா சந்தனம், குங்குமம் வைத்தார். ரோபோவுக்கும் முன்பக்கம் தாராளமாக அப்பினார்.

விடுமுறை முடிந்து இயக்கியபோது அது ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே கதை. சோதிக்க வந்த பொறியாளர் போனில், “ஓடல சார், திருப்பி அனுப்பிடவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவர் எங்களிடம் குனிந்தார். “சந்தனம் வேலையக் காட்டுது. யாரும் வாயத் தொறக்காதீங்க. போய்த் தொலையட்டும்.”

அக்கா ரோபோவைப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் வந்து நின்று வால்வு வழியே ஒழுகிக்கொண்டிருந்த டேங்கரைப் பார்த்தார்.

“சார், நாந்தான் அதுக்குப் பொட்டு வச்சேன். கண்ண மறைச்சிருச்சோ என்னமோ, பாருங்க.”

“ஏங்க, சென்சார் மேலயா வைப்பீங்க?”

“மொகத்துலதானங்க வைப்பாக!”

முந்தானையால் அவரே துடைத்தார். ரோபோ வரிசையின் கடைசிவரை போனது.

“எல்லார் பொழப்பையும் கெடுத்துட்டியே, ஆத்தா” என்றார் டிரைவர்.

“எங்க தெருவுக்கு வந்து கொடத்தோட நின்னு பாருண்ணே. அப்பறம் பேசு.”

ரோபோ தங்கியது. தூக்கி வைக்கும் இருவரில் என்னைச் சேர்த்தார்கள். “நான் மணமேல்குடிக்குப் போறேன் சார், அக்காவப் போடுங்க” என்றேன். தியாகமெல்லாம் இல்லை, அங்கே கடற்கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

“பொம்பள தூக்குவாங்களா?” என்றார் பொறியாளர். அக்கா ரோபோவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மறுமுனையை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். வேலை போனவர்களில் சிலர் திருப்பூர் பஸ் ஏறினார்கள்.

இந்த ஆயுத பூஜைக்கு அக்கா போன் செய்தார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

“வருது தம்பி. ஒருநா விட்டு ஒருநா.”

“ரோபோவுக்குப் பொட்டு வச்சீங்களா?”

“வைக்காம? இந்தவாட்டி முதுகுல வச்சுட்டேன்.”