கூரையோடு கதைத்தவர்

தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்க வந்தவர் ஏணி கொண்டுவரவில்லை. ஓட்டோவிலிருந்து பெரிய வக்கூம் மெஷின் ஒன்றை இறக்கினார். கைத்தடி போல நுனி வளைந்த நீளக் குழாயை நிலத்தில் நின்றபடியே பீலிக்குள் கொளுவி, வேப்பஞ்சருகையும் மண்ணையும் உறிஞ்சி எடுத்தார். மெலிந்த, நெடிய மனிதர். யாரோடு கதைத்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். கண் கூரை விளிம்பிலேயே இருக்கும். நான் நீட்டிய தேநீரையும் அப்படியே வாங்கிக் குடித்தார்.

"இந்தத் தண்ணியைத்தானே தாங்கியில பிடிச்சுக் குடிக்கிறனீங்கள்?" என்று கூரையிடம் கேட்டார்.

"ஓம், கிணறு உவர். போன மாரிக்குப் பீலி அடைச்சு, தண்ணி முழுக்கச் சுவரால வழிஞ்சு போச்சு."

"இந்த முறை வழியாது."

எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்த அன்று, கேற்றடியில் அதே ஓட்டோ வந்து நின்றது. அவர் மழை அங்கியோடு இறங்கி, தாங்கிக்குப் போகும் குழாயருகே வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏதும் விட்டிட்டுப் போனனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மெஷின் ஓடேக்க ஒண்டும் கேக்காது. இப்பதான் கேக்கலாம்."

குழாய்க்குள் தண்ணீர் தடங்கலில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கேட்டுவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னும் நாலு வீடு கிடக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் அந்தக் குழாயருகிலேயே நின்றுவிட்டேன். கொடியில் உடுப்புகள் நனைந்துகொண்டிருந்தன.