கதவை உதைத்தது யார்

"கையத் தளர்த்தி வைங்கப்பா. அளக்கும்போது பேசக்கூடாது," என்றாள் மகள்.

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினால்தான் அப்பாவுக்குப் பேச்சு வரும். "இந்த மெஷினச் செய்றதே மாத்திரைக் கம்பெனிக்காரன்தான். வீடியோல ஒரு டாக்டரே சொல்றாரு." நூற்று எண்பது காட்டியது. பட்டையை அவிழ்த்து மகளின் கையில் சுற்றினார். நூற்றுப் பதினாறு. "பாத்தியா? உனக்குச் சரியாக் காட்டி நம்ப வச்சு, எனக்குக் கூட்டிக் காட்டுறான்." இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். முப்பத்தொரு வருடத்தில் தானாக நின்ற லிஃப்டை அவர் பார்த்ததே இல்லையாம். "எவனாவது கதவ உதைச்சிருப்பான். கேட்டா, நான் இல்லம்பான்." ஓய்வுபெற்று வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியதும் உலகமே அப்படித்தான் என்று தெரிந்துகொண்டார். மழை பொய்த்ததற்கு ஓர் ஆள், முடி கொட்டுவதற்கு ஓர் ஆள். பற்பசைக்குப் பின்னால் மட்டும் மூன்று நாடுகள். யார்மீதும் அவருக்குக் கோபமில்லை. ஆள் அகப்பட்ட நிம்மதிதான்.

மகள், பாலங்களின் விரிசலை அளக்கும் பொறியாளர். "டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய ஒரு மாசம் போடுங்க. தினமும் அளந்து பாப்போம். மாட்டிப் பாக்காம பாகத்தக் குறை சொல்லாதேன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"என் பாடத்த எனக்கே நடத்துறியா, கழுத," என்று சிரித்தார். "யோசிக்கிறேன்." மாட்டேன் என்பதை அவர் மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

செவ்வாய்க்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"விதிம்மா," என்றார் பெரியப்பா. அவளுக்கு விதி போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது. அந்த வீடியோ டாக்டரைத் தேடிப் பிடித்து, அவர் பேசியதை நான்கு தடவை கேட்டாள். அவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சண்டை போடாமல் எழுந்துபோன தன்னையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவின் கருவிப்பையைத் திறந்தாள். ஸ்பானர்களுக்கிடையில் மருந்துச் சீட்டு. அதோடு, கம்பெனியின் பழைய உதிரிபாகக் கோரிக்கைப் படிவம் ஒன்றைப் பின் குத்தியிருந்தார். வேலையில் இருந்த காலத்தில், அதை நிரப்பாமல் ஒரு போல்ட்கூட வாங்கியதில்லை. விழுவதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமைத் தேதி போட்டிருந்தது.

பாகம்: பிரஷர் மாத்திரை. எண்ணிக்கை: முப்பது. காரணம்: தேய்மானம்.

வாங்கிய தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.