அலசினால் நீலம்

மணிமொழிக்குக் கோபமே வராது என்று சொந்த ஊரான மீன்சுருட்டியில் சொல்வார்கள். பெரம்பலூர் கல்லூரி ஆய்வகத்தில் அவளைப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

அப்பா இல்லாத பெண். அம்மா இருசம்மாள் களையெடுத்தும் நாற்று நட்டும் படிக்க வைத்தாள். முப்பது வயதில் மணிமொழி முனைவர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சி, மின்சாரம் பாயும் பிளாஸ்டிக்கைப் பற்றி. பாலிஅனிலின் என்று பெயர். அமிலம் ஏறினால் பச்சையாகி மின்சாரத்தைக் கடத்தும். அமிலம் இறங்கினால் நீலமாகி வெறுமனே கிடக்கும்.

ஒரு வருடமாக அது வெறுமனேதான் கிடந்தது. கண்ணாடித் தகட்டில் பூசும்போது பசேலென்று இருப்பது, அளக்கும்போது நீலமாகிவிடும். காரணம் அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் பூமி இது. கல்லூரிக் குழாயில் வரும் போர் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள காரம் அமிலத்தை இறக்கிவிடுகிறது. நீர்த்த அமிலத்தில் அலசினால் பச்சை நிற்கிறது.

நின்று என்ன பயன்? மின்சாரத்தை அளக்கும் மீட்டர், ஆராய்ச்சி வழிகாட்டி பரணிதரனின் அறையில், பூட்டுக்குள். அவர் அரியலூர்க்காரர், சிமென்ட் லாரிப் புழுதியில் வளர்ந்தவர். எதையும் குழாயில் ஒருமுறை காட்டாமல் தொடமாட்டார், அடுத்தவர் கையிலும் கொடுக்கமாட்டார். டம்ளரும் சரி, மணிமொழியின் தகடும் சரி, அவருக்கு ஒன்றுதான்.

"அலசாதீங்க சார், அமிலம் போயிடுது" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"தண்ணி மேல பழி போடாதம்மா. ஒனக்குக் கை சுத்தம் பத்தல."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

ஆய்வுக் குழு கூடும் நாளும் வந்தது. இந்த முறையும் மீட்டர் அசையாவிட்டால் அவள் பதிவு ரத்து. பட்டம் கனவோடு சரி. பச்சைத் தகட்டை மேசையில் வைத்தாள். திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியை பாக்யலட்சுமி கை நீட்டினார்.

"இருங்க மேடம், தூசியா இருக்கு" என்று பரணிதரன் தகட்டை எடுத்தார்.

"சார், வேண்டாம் சார்."

அவர் குழாயைத் திறந்து, விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறவர் போலத் திருப்பித் திருப்பி அலசினார். திரும்பி வரும்போது தகடு நீலமாகியிருந்தது. மீட்டரில் வைத்தார்கள். முள் அசையவில்லை.

"பச்சையாத்தானே இருந்துச்சு?" என்றார் பாக்யலட்சுமி.

பேசினால் மணிமொழி கத்திவிடுவாள். தகட்டை எடுத்து அமிலத்தில் முக்கினாள். பச்சை திரும்பி வந்தது. உலர்த்தி, தன் கையாலேயே மீட்டரில் வைத்தாள். முள் எழுந்தது.

"தண்ணியில அமிலம் இறங்கிடுதுங்க மேடம்" என்றாள் அப்புறம்.

"கண்ணாலயே பாத்தாச்சே. எந்தத் தண்ணியில எவ்வளவு இறங்குதுன்னு அளந்து எழுதும்மா. பதிவு தொடரட்டும்."

பரணிதரன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் இவகிட்ட படிச்சுப் படிச்சு அதத்தான் சொல்றேன் மேடம், தண்ணி விஷயத்துல ஜாக்கிரதையா இருன்னு."

பஸ் ஸ்டாண்டிலிருந்து மணிமொழி அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஆவ வேண்டியது ஆச்சும்மா. தொடரச் சொல்லிட்டாங்க" என்றாள் வெடுக்கென்று.

"நல்ல சேதிதானே? பின்ன ஏண்டி இப்புடி எரிஞ்சு விழுற?"